தராசே வைக்காமல் தீர்ப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

155 மி.மீ. பீரங்கிக் குண்டு ஒன்றின் எடை சுமார் 43 கிலோ. போர்ப் பிரிவுகளில் பெண்களைச் சேர்க்கலாமா கூடாதா என்று தங்கள் பக்கங்களில் வந்த கடிதங்களில் இப்படி ஒரு எண்கூட இல்லை. ஒரு தரப்பு வேலுநாச்சியாரையும் கேப்டன் லட்சுமியையும் அழைத்து வருகிறது. மறுதரப்பு தாய்மை, மென்மை, மானம் என்கிறது. நடுவில் பேச வேண்டிய கிலோவும் நிமிடமும் காணாமல் போய்விட்டன.

வரலாற்றை மட்டமாகச் சொல்லவில்லை. 1943இல் சிங்கப்பூரில் தொடங்கிய நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள்தான். அது பெருமைதான். ஆனால் 81 மி.மீ. மோட்டார் என்னும் சிறு பீரங்கியின் அடித்தட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இன்றைய 19 வயதுப் பெண் மலையேற முடியுமா என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. ஈழத்தை உதாரணம் காட்டுவோருக்கும் இதையே சொல்ல வேண்டும். விடுதலைப் புலிகளின் பெண் போராளி மாலதி 1987 அக்டோபர் 10 அன்று கோப்பாயில் விழுந்தது இந்தியப் படையுடன் நடந்த சண்டையில். பெண் துப்பாக்கி ஏந்தி நிற்பாளா என்ற சந்தேகம் அன்றே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் சிறுவர்களையும் சிறுமிகளையும் சேர்த்த, விலக வழியில்லாத ஓர் இயக்கத்திடமிருந்து, சட்டப்படி ஆளெடுக்கும் அரசு ராணுவம் ஆளெடுப்பு முறையைக் கற்க முடியாது.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கடிதம் எழுதிய பலர் உச்ச நீதிமன்றம் 2020இலேயே போர்ப் பிரிவுகளைத் திறந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர வேறெதிலும் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்கிறது. 1992இல் வந்த அறிவிக்கைகள் சில துணைப் பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு வழி திறந்தன. முதல் அணி பயிற்சி பெற்றது நம் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில். 1993 மார்ச்சில் வெளியே வந்தது. 2020 பிப்ரவரி 17இல் வந்த பபிதா புனியா தீர்ப்பு, அப்படி ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்த 10 பிரிவுகளில் அவர்களுக்கு, ஓய்வு வயது வரை பணியில் நீடிக்கும் நிரந்தர கமிஷனும், படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கும் பதவிக்குப் பரிசீலிக்கப்படும் உரிமையும் தந்தது. காலாட்படை அந்த வழக்கில் பேச்சே இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த இடைக்கால உத்தரவால் தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுத வழி பிறந்தது. அங்கே படித்த முதல் 17 பெண் கேடட்டுகள் 2025 மே 30இல் தேர்ச்சி பெற்று வெளியேறினார்கள். 2023 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து 5 பெண் அதிகாரிகள் பீரங்கிப் படைக்குப் போனார்கள். காலாட்படை, டாங்கிப் படை, இயந்திரமயக் காலாட்படை மூன்றும் இன்னும் மூடியே கிடக்கின்றன.

அதிகாரி வேறு, ஜவான் வேறு என்பதையும் யாரும் பிரித்துப் பேசுவதில்லை. தரைப்படையில் ஜவான் நிலையில் பெண்களுக்குத் திறந்திருக்கும் ஒரே இடம் ராணுவ போலீஸ். அதன் முதல் அணியில் 83 பேர். 61 வாரப் பயிற்சி முடித்து 2021 மே மாதம் பெங்களூரில் தேறினார்கள். ஆக, ‘பெண்கள் பீரங்கிப் படையில் வந்துவிட்டார்கள்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் சொல்வது அதிகாரிகளை. பீரங்கி அதிகாரி குண்டு தூக்குவதில்லை. இலக்கின் தூரம், உயர வித்தியாசம், காற்று, வெடிமருந்தின் வெப்பநிலை இவற்றைக் கணக்கிட்டுச் சுடும் ஆணை தருவது, காவல்முகட்டில் உட்கார்ந்து குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்வது அவர் வேலை. மலைமுகட்டுக்கு ரேடியோவும் பேட்டரியும் சுமந்து ஏற வேண்டும், அது லேசான காரியமல்ல. என்றாலும் பீரங்கியடியில் நிற்கும் ஜவானின் சுமை அது அல்ல.

அந்தச் சுமையைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் விவாதம் எவ்வளவு மேலோட்டமாக நடக்கிறது என்று தெரியும். 105 மி.மீ. இந்தியப் பீரங்கியின் குண்டு 15 கிலோ அளவு. 130 மி.மீ. ரஷ்யப் பீரங்கிக்கு 33 கிலோ. 155க்கு 43. மூன்றையும் ‘பீரங்கிப் படை’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். 155இலேயே போஃபர்ஸ் பீரங்கியில் குண்டைத் தூக்க ஒரு சின்ன கிரேன் உண்டு. கே-9 வஜ்ராவில் இயந்திரம் உதவுகிறது. மலையில் ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்டு ஏற்றுகிற எம்-777இலோ எடையைக் குறைப்பதற்காக அந்த வசதிகளை எடுத்துவிட்டார்கள், ஆள்தான் தூக்கித் தள்ள வேண்டும். 60 குண்டு சுட்டால் 2,580 கிலோ. அதையும் ஒருமுறை தூக்கினால் முடிவதில்லை. லாரியிலிருந்து இறக்குவது, அடுக்குவது, வெடிக்கவைக்கும் பியூஸை மாட்டுவது, பீரங்கிக்குக் கொண்டுபோவது என்று ஒரே குண்டு மூன்று நான்கு கைமாறும். கடைசி பத்துக் குண்டில்தான் விரல் நசுங்கும், இடுப்பு பிடிக்கும். ஆண் அணியிலும் அப்படித்தான். ஆகவே ‘பீரங்கிப் படைக்குப் பெண் சரிப்படுவாளா’ என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. எந்தப் பீரங்கி, அதில் எத்தனையாவது ஆள் என்று கேட்டால் பதில் உண்டு.

டாங்கியும் இப்படித்தான். ஆவடியில் தயாராகும் இரண்டு டாங்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். டி-90இல் மூன்று பேர். குண்டைத் தானியங்கிக் கருவி ஏற்றிக்கொள்ளும். உள்ளே இடம் மிகக் குறைவு, நெட்டையானவருக்குத்தான் கஷ்டம். அர்ஜுனில் நான்கு பேர். நான்காமவர் குண்டைக் கையால் எடுத்து, ஓடுகிற டாங்கிக்குள் திரும்பி, குழலில் தள்ளுகிறவர். அப்படியானால் டி-90 எளிது என்று முடிவு கட்டிவிடலாமா? டாங்கி ஓடுகிற இரும்புச் சங்கிலி அறுந்தால் தெரியும். பாலைவன மணலில் சங்கிலியை இழுத்து, இணைப்பு ஊசி அடித்து மாட்டுவதற்கு அர்ஜுனில் நான்கு ஜோடிக் கை, டி-90இல் மூன்று. ஆளுக்கு விழும் பங்கு அங்கே கூடுதல். தானியங்கிக் கருவி இருக்கிறதே என்று ஆதரிப்பவர்கள் மறப்பது இந்தச் சங்கிலியை.

காலாட்படைக்கு வருவோம். துப்பாக்கி 4 கிலோவுக்குப் பக்கம். தகடு வைத்த புல்லட் புரூப் ஜாக்கெட் 10 கிலோ அளவு. தலைக்கவசம், நிரப்பிய மேகசின்கள், கையெறி குண்டு, 2 லிட்டர் தண்ணீர், சாப்பாடு, முதலுதவிப் பொருள் எல்லாம் சேர்ந்தால் 25 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். இதற்கு மேல் அணியின் பொதுச் சுமை: எந்திரத் துப்பாக்கி, ராக்கெட் லாஞ்சர், அல்லது குழல், கால், அடித்தட்டு என மூன்றாகப் பிரித்து மூவர் சுமக்கும் 40 கிலோ மோட்டார். அதற்கான குண்டு ஒவ்வொன்றும் 4 கிலோவுக்கு மேல். இவை எல்லாவற்றையும்விட மிகக் கடினமான வேலை, அடிபட்டு விழுந்த சகாவை இழுத்து மறைவுக்குக் கொண்டுவருவது. 70 கிலோ ஆள், அவர் மேல் 20 கிலோ கவசமும் உடைமையும். கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு கழன்றுவிடும். ஜாக்கெட்டின் கழுத்துப் பின்பிடியைப் பற்றிக் குனிந்து பின்னோக்கி நடக்க வேண்டும், அதுவும் சூடு நடக்கும்போது.

இந்த வேலைகளைப் பட்டியலிட்டு அளந்து, அளந்ததைத் தேர்வாக்கியவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டன் 2016இல் தரைப் போர்ப் பிரிவுகளைத் திறக்க முடிவெடுத்து, 2018 அக்டோபரில் எல்லாவற்றையும் திறந்தது. 2019இலிருந்து அங்கே காலாட்படையாளருக்குப் பணிசார் தேர்வு. 40 கிலோ சுமையுடன் 4 கி.மீ.யை 50 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். தொடர்ந்து 25 கிலோவுடன் 2 கி.மீ. 15 நிமிடத்தில். பிறகு 110 கிலோ மூட்டையை 20 மீட்டர் இழுப்பது. கைக்கு 22 கிலோவாக இரண்டு தண்ணீர்க் கேன்களுடன் 240 மீட்டர் நான்கு நிமிடத்தில். 20 கிலோ பையைத் தூக்கி 30 மீட்டர் நடந்து வைப்பது, அப்படி இருபது தடவை. இதில் ஆண் பெண் வயது வித்தியாசம் எதுவும் கிடையாது. மூட்டைக்கு அதை இழுப்பது யார் என்று தெரியாது.

அமெரிக்கா இதே இடத்துக்குச் சுற்றிச் சுற்றி வந்தது. எல்லா வேலைகளையும் திறக்கும் முடிவு 2015 டிசம்பரில் வந்தது. தரைப்படை எல்லோருக்கும் ஒரே உடல்தகுதித் தேர்வு என்று ஒன்றை உருவாக்கியது. கணக்கெழுதும் பெண்ணும் காலாட்படை வீரரும் ஒரே தேர்வில் ஒரே மதிப்பெண் எடுக்க வேண்டும் என்றதும் சிக்கல் எழுந்து, 2022இல் பாலினத்துக்கும் வயதுக்கும் தனித்தனி மதிப்பெண் என்று மாற்றினார்கள். அதனால் போர்ப் பிரிவிலும் வேறு வேறு அளவு என்றாகி, இன்னொரு பக்கத்திலிருந்து கூச்சல் கிளம்பியது. 2025 ஜூனில் போர் சார்ந்த 21 பணிகளுக்கு மட்டும் பாலின வேறுபாடற்ற ஒரே அளவு என்று மறுபடி திருத்தம். ஆரோக்கியத்தைப் பார்க்கும் தேர்வையும் வேலைத் தகுதியைப் பார்க்கும் தேர்வையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்த வினை இது.

நம்மிடமும் அந்தக் குழப்பம் இருக்கிறது. அக்னிவீர் தேர்வில் ராணுவ போலீசுக்கு வரும் பெண் 1.6 கி.மீ. தூரத்தை 7 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் முதல் பிரிவு, 8 நிமிடம் வரை இரண்டாம் பிரிவு. 10 அடி நீளம், 3 அடி உயரம் தாண்ட வேண்டும். பொதுப் பணிக்கு வரும் ஆணுக்கு முதல் பிரிவு 5 நிமிடம் 30 நொடி. இதைக் காட்டி ‘பார்த்தீர்களா சலுகை’ என்கிறார்கள். சேர்ப்புத் தேர்வு பார்ப்பது இதயமும் நுரையீரலும் பயிற்சியைத் தாங்குமா என்பதை. அந்த அளவில் உடலமைப்புக்கேற்ப வித்தியாசம் இருப்பதில் தவறில்லை. பயிற்சி முடிந்து ஒரு குறிப்பிட்ட பணிக்கு அனுப்பும்போது வைக்கிற தேர்வில்தான் வித்தியாசம் இருக்கக் கூடாது. இரண்டாவது தேர்வு என்று ஒன்று நம்மிடம், பணிவாரியாக, வெளியே தெரியும்படி, கிலோவிலும் நிமிடத்திலும் எழுதப்படவில்லை. என் புகார் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்படி ஒரு தராசு வைத்தால் என்ன நடக்கும் என்று இரு தரப்புக்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். சராசரியாகப் பெண்ணின் மேலுடல் வலு ஆணுடையதில் பாதியை ஒட்டியும், கீழுடல் வலு மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியும் இருக்கிறது. 2015இல் அமெரிக்க மரைன் படை நடத்திய சோதனையில், 134 வேலைகளில் 93இல் ஆண்கள் மட்டும் உள்ள அணிகளே கலப்பு அணிகளைவிட நன்றாகச் செய்தன. எலும்பு, தசைக் காயம் பெண்களில் 40.5 சதவீதம், ஆண்களில் 18.8. எதிர்ப்பவர்கள் இந்த எண்களைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை அணிகளின் சராசரியைப் பார்த்தது. ஒருவர் தேறுவதற்கான குறைந்தபட்ச அளவு என்ன, அதைத் தொட்ட தனிப்பெண்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகத்தில் 1990களில் செய்த இன்னொரு வேலை இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 24 வாரம் முறையாகப் பளு தூக்கவும் சுமை நடக்கவும் பயிற்சி தந்தபோது, ‘மிகக் கனமான’ பணிகளுக்குத் தேறிய பெண்களின் பங்கு 24 சதவீதத்திலிருந்து 78ஆக உயர்ந்தது. ஓட்டமும் தண்டாலும் மட்டும் போட்டால் இது நடக்காது. இரும்பைத் தூக்க வேண்டும்.

அதாவது, தராசு வைத்தால் காலாட்படைக்குப் பெண்கள் கூட்டமாக வரப்போவதில்லை. சிலர் வருவார்கள். 2015 ஆகஸ்டில் அமெரிக்கத் தரைப்படையின் மிகக் கடுமையான பயிற்சிகளில் ஒன்றான ரேஞ்சர் பள்ளியில் முதல்முறையாக இரண்டு பெண்கள் தேறினார்கள். 12 மைல் சுமைநடை மூன்று மணி நேரத்தில் என்பது உள்பட எந்த அளவையும் அவர்களுக்காகக் குறைக்கவில்லை என்றே ராணுவம் சொன்னது. டாங்கிப் படையிலும், பீரங்கிப் படையின் சில இடங்களிலும் எண்ணிக்கை இன்னும் கூடும். தேறுபவர் சிலர்தானே என்பதற்காக வாசலையே சுவராக்கிவிடுவதும், கூட்டம் வரவில்லையே என்பதற்காக அளவைக் குறைப்பதும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள்.

இனி, பயிற்சியில் என்னென்ன கெட்டுப்போகிறது என்பது. விவாதம் நடத்தும் யாரும் தொடாத பகுதி. அங்கேதான் பெண்கள் உடைகிறார்கள்.

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று டாக்டர்கள் சொல்கிற விரிசல்தான் முதல் எதிரி. அடிபடாமலே, திரும்பத் திரும்பப் படும் சிறு அதிர்ச்சியால் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பிலோ பாத எலும்பிலோ இடுப்பெலும்பிலோ மயிரிழையாக விழும். பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம். காரணங்களில் ஒன்று, அணிநடையின் எட்டு, அதாவது ஒரு காலடியின் நீளம். பிரிட்டிஷ் மரபில் வந்த 30 அங்குல எட்டு, ஐந்தே முக்கால் அடி ஆணின் காலுக்குப் பொருத்தம். 5 அடி 1 அங்குலப் பெண் அதே எட்டை வைக்கக் காலை நீட்டி இழுக்க வேண்டும். ஒவ்வோர் எட்டிலும் இடுப்பெலும்பு முறுக்கிக்கொள்ளும். குட்டையானவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டால் இன்னும் மோசம். முன்னால் இருப்பவர் வேகத்தைப் பிடிக்க அவர்கள் நாள் முழுக்கத் தொங்கோட்டம் ஓடுவார்கள். பிரிட்டனில் இதனால் இடுப்பெலும்பு உடைந்த பெண்கள் இழப்பீடு கேட்டு வாங்கினார்கள். கலப்பு அணியில் எட்டை 27 அங்குலமாகக் குறைப்பதும் குட்டையானவர்களை முன்னால் விடுவதும் ஒரு பைசா செலவில்லாத மருந்து.

இரண்டாவது, சுமையையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றுவது. 10 கிலோவுடன் 5 கி.மீ. நடந்தவரை அடுத்த வாரம் 15 கிலோவுடன் 8 கி.மீ. விட்டால் நுரையீரல் தாங்கும், எலும்பு தாங்காது. மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறும். எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ள மாதக்கணக்காகும். ஒரு வாரம் எடை, ஒரு வாரம் தூரம், நான்காவது வாரம் இரண்டையும் இறக்கி ஓய்வு.

மூன்றாவது, தட்டு. பயிற்சிக்காலத்தில் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் உடல் முதலில் மாதவிலக்கை நிறுத்தும். பயிற்சியாளர் பலர் ‘தொல்லை விட்டது’ என்று நினைப்பார்கள். உண்மையில் அது அபாய மணி. ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலிகிறது என்று பொருள். தொடர்ந்து மூன்று மாதம் நின்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அமெரிக்கக் கடற்படையில் பயிற்சி பெற்ற 5,201 பெண்களிடம் நடத்திய ஆய்வில், தினம் 2,000 மி.கி. கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் எட்டு வாரம் தந்ததில் இந்த விரிசல் 20 சதவீதம் குறைந்தது. ஒரு மாத்திரைப் புட்டியின் விலை.

அப்புறம் கருவி. ஆணின் முதுகுக்குத் தைத்த பையின் இடுப்புப் பட்டை, உடல் குட்டையான பெண்ணுக்கு இடுப்பெலும்புக்குக் கீழே தொங்கும். இடுப்பு தாங்க வேண்டிய சுமை முழுக்கத் தோளில் விழும், கை மரத்துப்போகும். ஆண் அளவு ஜாக்கெட்டில் தோள்பகுதி அகலமாக இருப்பதால் துப்பாக்கிக் கட்டை தோள்குழியில் உட்காராது, குறி தவறும். அவரைச் சுடத் தெரியாதவர் என்று எழுதிவிடுவார்கள். கொண்டை போட்ட பெண் குப்புறப் படுத்துக் குறிபார்க்கும்போது, கொண்டை தலைக்கவசத்தைப் பின்னாலிருந்து தள்ளும், கவசம் கண்ணை மறைக்கும். அமெரிக்கத் தரைப்படை 2021இல் தாழ்ந்த பின்னலுக்கு அனுமதி தந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள்.

கழிப்பறை விஷயத்தில் முகம் சுளிக்காமல் ஒரு வரி. மறைவிடம் இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். ராஜஸ்தான் வெயிலில் அதன் விளைவு மயக்கமும் சிறுநீர்த் தொற்றும். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் புனல் போன்ற சாதனத்தைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே கொடுத்துப் பழக்கினால் பிரச்சினையின் பெரும்பகுதி முடிந்தது. இதற்காக ஒரு படைப்பிரிவையே மூடி வைக்க வேண்டியதில்லை.

‘எதிரியிடம் பிடிபட்டால்?’ என்பது அடிக்கடி வரும் கேள்வி. பயம் நியாயமானதுதான், வாதம் நிற்காது. எதிரி மண்ணுக்கு மேலே போய் விழும் வாய்ப்பு மிகுந்தவர் போர் விமானிதான். 2019 பிப்ரவரியில் பாகிஸ்தானிடம் பிடிபட்ட அபிநந்தனும் விமானியே. அந்த வேலையில் பெண்கள் 2016 ஜூனிலிருந்தே இருக்கிறார்கள். 2018இல் அவனி சதுர்வேதி மிக்-21ஐத் தனியாக ஓட்டினார். சோதனை முயற்சியாகத் தொடங்கியதை விமானப்படை பின்னர் நிரந்தரமாக்கியது. விமானப்படை செய்தது என்ன? காலின் நீளம் 99 முதல் 120 செ.மீ., உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ. என்று அளவை வைத்தது. பெடலுக்குக் கால் எட்டுகிறதா, வெளியே எறியும் இருக்கையில் முதுகெலும்பு தப்புமா என்பதற்கான அளவு அது. அளவுக்குள் வந்தால் உள்ளே, இல்லாவிட்டால் ஆணும் வெளியே. நான் கேட்கும் தராசு இதுதான். அமெரிக்க எஃப்-35இல் 62 கிலோவுக்குக் குறைந்த விமானிக்கு இருக்கை வெளியேறும்போது கழுத்து முறியும் ஆபத்து இருப்பது 2015இல் தெரிந்தது. எடை குறைந்தவர்களைத் தடுத்து நிறுத்திவிட்டு, இருக்கையைத் திருத்தி, தலைக்கவசத்தின் எடையைக் குறைத்து, 2017இல் தடையை நீக்கினார்கள்.

மகப்பேறு பற்றி. அதிகாரிகளைப் பொறுத்தவரை ஆள்கணக்கில் இடைவெளி விழுவது உண்மை. 180 நாள் விடுப்புக்கு மாற்றாள் போட இடம் ஒதுக்கியே ஆக வேண்டும், ‘சமாளித்துக்கொள்வார்கள்’ என்று விட்டால் பக்கத்து ஆண் அதிகாரி இரட்டை வேலை செய்து எரிச்சலாவார், அந்த எரிச்சல் பெண்ணின் மேல் திரும்பும். ஆனால் ஜவான் நிலையில்? அக்னிவீர் நான்கு ஆண்டும் திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. அரசே போட்ட விதியில் அந்த வாதம் அடிபட்டுப் போகிறது. இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வைத்த இன்னொரு வாதம், ஜவான்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வருகிறவர்கள், பெண் தலைமையை ஏற்க மனம் பழகாதவர்கள் என்பது. நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலூர் மாவட்டத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கிராமத்து ஆளைக் கேடயமாக்கி டெல்லியில் ஒரு வாதம் வைத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஜவான் பார்ப்பது அதிகாரிக்கு வேலை தெரியுமா என்பதை.

தொல்லை கொடுக்கும் சகா பற்றி அந்த வாதத்தை வைத்தவர்கள் பேசவில்லை. ராணுவச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, ராணுவத்துக்கு வெளியே உள்ளவர் மேல் நடந்த பாலியல் வன்கொடுமையைப் பெரும்பாலும் சாதாரண நீதிமன்றத்துக்கு விடுகிறது. பாதிக்கப்பட்டவரும் ராணுவத்தினர் என்றால் ராணுவ நீதிமன்றமே விசாரிக்கலாம். அங்கே விசாரணையைத் தொடங்க வேண்டியவர் இருவருக்கும் மேலதிகாரியான ஒருவர். அவருக்குத் தன் படைப்பிரிவின் பெயரும் முக்கியம். அமெரிக்கா 2023 இறுதியில் இந்த முடிவை மேலதிகாரியிடமிருந்து எடுத்துத் தனி வழக்கறிஞர்களிடம் கொடுத்தது. போர்ப் பிரிவைத் திறக்கும் முன் நாமும் இதைச் செய்தாக வேண்டும். காவல்முகட்டில் மூன்று பேர் இருக்கும்போது புகார்ப் பெட்டி 40 கி.மீ. தள்ளி இருந்து பயனில்லை.

பாதுகாப்பு அமைச்சகம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. காலாட்படை, டாங்கிப் படை, பீரங்கி அணி ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் ஆளும் எதைத் தூக்குகிறார், எத்தனை தடவை, எவ்வளவு தூரம், எந்த உயரத்தில் என்று அளக்கட்டும். அளந்ததைத் தேர்வாக்கி, இப்போது பணியில் இருக்கும் ஆண் ஜவான்களுக்கே முதலில் வைக்கட்டும். அவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் தவறினால் அளவு தப்பா, ஆள் தப்பா என்பதும் வெளிச்சத்துக்கு வரும். பிறகு ராணுவ போலீசில் இருக்கும் பெண்களில் விருப்பமுள்ளவர்களை எடுத்து 24 வாரம் பளுப்பயிற்சி கொடுத்து அதே தேர்வு வைக்கட்டும். தேறியவர்களை ஆளுக்கொரு இடமாகத் தூவாமல் படைப்பிரிவின் ஒரு கம்பெனிக்கு எட்டுப் பத்துப் பேராவது சேர்த்து அனுப்பட்டும். யாரும் தேறாவிட்டால் அந்த முடிவையும் வெளியிடட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன். 12ஆம் பிரிவின்படி அறிவிக்கை வரவில்லை என்பது ஒன்றே காரணம் என்றால் வாயை மூட முடியாது.

கடைசியாக, நம் மாவட்டங்களில் அக்னிவீர் தேர்வுக்குப் பெண்பிள்ளைகளைத் தயார்செய்யும் மையங்களுக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. உங்களிடம் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் இருப்பார்கள். 1.6 கி.மீ. ஓட்டம் 9 நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால் விசில் அடித்து விரட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் காலை டீயோடு விழுங்கினால் பாதி வீண்; டீ, காபி, பாலுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி, நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடுவார்கள். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர்,
வேலூர்.